எண்ணும் பெயரும்

சார்ல்ஸ்டவுன் சிறைக்கு வந்த புதிதில் மால்கம் லிட்டிலுக்குச் சக கைதிகள் வைத்த பெயர் ‘சாத்தான்’. கடவுளையும் பைபிளையும் வாய் ஓயாமல் ஏசிக்கொண்டே இருந்ததால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. தெருவில் திரிந்த காலத்தில் அவர் ‘டெட்ராய்ட் ரெட்’. சிறை ஏட்டில் 22843. வீடு புகுந்து திருடிய வழக்கில் எட்டு முதல் பத்து ஆண்டு தண்டனை வாங்கிக்கொண்டு 1946 பிப்ரவரியில் உள்ளே போனபோது அவருக்கு இருபத்தொரு வயது நிறையவில்லை. பாஸ்டனில் இருந்த அந்தச் சிறை 1805இல் கட்டியது. அறைக்குள் தண்ணீர்க் குழாய் கிடையாது, கழிப்பதற்கு ஒரு வாளி. ஆறரை ஆண்டு கழித்து 1952 ஆகஸ்டில் வெளியே வந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள் அவர் மால்கம் எக்ஸ்.

இந்தக் கதையைத் ‘திருந்தினார்’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். நம் வழக்கமும் அதுதான். கொள்ளைக்காரன் வால்மீகி முனிவனான கதை நமக்குப் பழகிய கதை. புற்றுக்குள் போனவன் ஒருவன், புற்றை உடைத்துக்கொண்டு வந்தவன் வேறொருவன். உள்ளே என்ன நடந்தது என்று யாரும் கேட்பதில்லை. சிறையில் இருப்பவர் ‘நான் யார்’ என்பதை எப்படி மாற்றி யோசிக்கிறார் என்று தெரிய வேண்டுமானால், அந்தப் புற்றுக்குள்தான் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

அங்கே முதலில் நடப்பது கழித்தல். வாசலில் பெயர் போய் எண் வருகிறது. உடுப்பு, மோதிரம், கைபேசி, பெல்ட், சட்டைப்பையில் இருந்த பிள்ளையின் போட்டோ என்று ஒவ்வொன்றாகக் கழற்றி வாங்கி ஏட்டில் எழுதிக்கொள்கிறார்கள். எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1950களில் வாஷிங்டனில் ஒரு பெரிய மனநல மருத்துவமனைக்குள் இருந்து கவனித்தார். சிறை, பாசறை, மனநல விடுதி, மடம் எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்து 1961இல் புத்தகம் எழுதினார். தூங்குவது, உழைப்பது, பொழுதைப் போக்குவது மூன்றும் ஒரே சுவருக்குள், ஒரே அதிகாரத்தின் கீழ் நடக்கும் இடங்கள் இவை. அங்கே நுழைகிறவரிடமிருந்து பொருள்களோடு சேர்த்து, அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்ற ‘நான்’ என்பதையும் உரித்து எடுக்கிறார்கள் என்பது அவர் வாதம். வெளியில் ஒருவர் அப்பாவாக, மேஸ்திரியாக, சீட்டுப் பிடிப்பவராக, தெருவில் நாலு பேர் மதிக்கும் ஆளாக ஒரே நாளில் பல ஆளாக வாழ்கிறார். ஒரு வேடத்தில் பட்ட அவமானத்தை இன்னொரு வேடத்தில் ஆற்றிக்கொள்ள முடிகிறது. உள்ளே அவர் எல்லா நேரமும் கைதி மட்டுமே. நம் ஊர்ச் சிறைகளில் மனைவி வந்து பார்த்துவிட்டுப் போவதற்குக்கூட ‘மனு’ என்றுதான் பெயர். ‘இன்னிக்கு எனக்கு மனு வந்துச்சு’ என்கிறார்கள். பெண்டாட்டி முகம் பார்ப்பதே ஒரு விண்ணப்பமாகிப் போன இடத்தில், கணவன் என்ற வேடம் எவ்வளவு மிஞ்சும்?

உரித்தவுடன் ஒருவர் உட்கார்ந்து தன்னைப் பற்றி யோசிக்கத் தொடங்கிவிடுவார் என்று சிறையைக் கட்டியவர்கள் நம்பினார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஃபிலடெல்ஃபியாவில் கைதிகளைத் தனித்தனி அறையில், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காதபடி அடைத்து, ஒரு பைபிளையும் கொடுத்தார்கள். தனிமை தந்தால் தவம் தானாக வரும் என்ற கணக்கு. பலருக்குப் புத்தி பேதலித்தது. கழித்த இடம் வெறுமையாக நிற்பதில்லை. கையில் அகப்பட்ட எதையாவது எடுத்துப் போர்த்திக்கொள்கிறார்கள். பெரும்பாலும் முதலில் அகப்படுவது முரட்டுத்தனம். நியூஜெர்சி மாநிலத்தின் டிரென்டன் சிறையை ஆராய்ந்து கிரேஷம் சைக்ஸ் 1958இல் எழுதிய புத்தகம் இதைப் பொறுமையாக விளக்குகிறது. விடுதலை போனது எல்லோருக்கும் தெரிகிற இழப்பு. எப்போது விளக்கணைப்பது, எப்போது சாப்பிடுவது என்பதைக்கூடத் தானே முடிவு செய்ய முடியாத நிலை, வளர்ந்த மனிதனைச் சின்னப் பையனாக்கிவிடுகிறது. அந்த அவமானத்தை மறைக்கவே கைதிகளுக்குள் ஒரு சட்டம் உருவாகிறது: காட்டிக்கொடுக்காதே, அழாதே, அதிகாரியோடு குழையாதே. ‘சாத்தான்’ என்ற பெயரை மால்கம் ரசித்ததன் காரணம் இங்கே இருக்கிறது. எண்ணாக இருப்பதைவிடச் சாத்தானாக இருப்பது மேல்.

இந்தப் போர்வைக்குள் மனம் உடனே அசைவதில்லை. இருபத்தைந்து வயதுக்குள் கொலைக்குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்று, குறைந்தது 15 ஆண்டு உள்ளே கழித்தாக வேண்டியவர்களை இங்கிலாந்தில் பென் க்ரூ, சூஸி ஹல்லி, செரீனா ரைட் மூவரும் சந்தித்துப் பேசி 2020இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். தண்டனையின் ஆரம்பத்தில் இருந்தவர்கள் எதிர்நீச்சல் போடுகிறவர்களாக இருந்தார்கள். தீர்ப்பின் மேல் கோபம், கூட்டாளியின் மேல் கோபம், செய்ததைக் கண்கொண்டு பார்க்க முடியாத மறுப்பு, தூக்கத்தில் வந்து உலுக்கும் நினைவுகள். பல ஆண்டு கழித்தவர்களின் பேச்சு வேறாக இருந்தது. அவர்கள் ஓடுகிற தண்ணீரோடு போகக் கற்றிருந்தார்கள்; இறந்துபோனவரைப் பற்றி அவர்களாகவே பேசினார்கள். ஒரு கொலையை, அதுவும் தான் செய்த கொலையை, தன் வாழ்க்கைக்குள் ஓர் இடத்தில் வைப்பதற்கு ஒருவருக்கு ஆண்டுக்கணக்கில் ஆகிறது. தீர்ப்பு வாசித்த அன்றே குற்றவாளியின் முகத்தில் வருத்தத்தின் சுவடே இல்லை என்று எழுதுகிற செய்தியாளர்களுக்கு இது தெரியாது. அன்று அந்த முகத்தில் எதுவுமே இருந்திருக்காது.

மால்கமின் போர்வையை முதலில் கிழித்தது குற்ற உணர்ச்சி இல்லை, பொறாமை. சார்ல்ஸ்டவுனில் பிம்பி என்று அழைக்கப்பட்ட, வயதில் மூத்த கைதி ஒருவர் இருந்தார். கெட்ட வார்த்தை பேசாமல், கை ஓங்காமல், வெறும் பேச்சாலேயே மற்றக் கைதிகளையும் காவலர்களையும் சுற்றி நிற்க வைக்கக்கூடியவர். சொல்லுக்கு இப்படியொரு மரியாதை கிடைப்பதை மால்கம் அதுவரை கண்டதில்லை. உனக்கு மூளை இருக்கிறது, நூலகத்துக்குப் போ என்று அவர்தான் தள்ளிவிட்டார். 1948இல், சகோதரி எல்லாவின் விடாமுயற்சியால், நார்ஃபோக் சிறைக்கு மாற்றல் கிடைத்தது. அது அந்தக் காலத்துக்குப் புதுமையான சிறை. தனி அறை, பல்கலைக்கழக அணிகளோடு மோதும் கைதிகளின் விவாதக் குழு, வரலாறும் மதமும் நிறைந்த ஒரு செல்வந்தரின் நூல்தொகுப்பு.

அங்கே அவர் அகராதியைப் பார்த்து எழுதத் தொடங்கினார். முதல் சொல்லில் தொடங்கி, நிறுத்தற்குறி விடாமல், பக்கம் பக்கமாக. பத்து மணிக்கு விளக்கணைந்த பிறகு, வராந்தா விளக்கின் வெளிச்சம் அறைக்குள் விழும் இடத்தில் தரையில் உட்கார்ந்து படிப்பார். மணிக்கொரு தரம் காவலர் வரும் காலடிச் சத்தம் கேட்டால் கட்டிலில் தாவித் தூங்குவதுபோல் நடிப்பு. அவர் போனதும் மறுபடி தரை. விடியற்காலை மூன்று, நான்கு மணி வரை. கண் கெட்டுக் கண்ணாடி போட வேண்டி வந்தது இப்படித்தான். பின்னாளில் அவர் அடையாளமாகிப்போன அந்தக் கண்ணாடியே ஒரு சிறைத் தழும்புதான்.

ஆனால் படிப்பு மட்டும் ஒருவருக்குப் புதுக் கதையைத் தந்துவிடாது. கதைக்கு வேண்டிய சொற்களைத்தான் தரும். கதை கடிதத்தில் வந்தது. அண்ணன் தம்பிகள் அப்போது ‘நேஷன் ஆஃப் இஸ்லாம்’ அமைப்பில் சேர்ந்திருந்தார்கள். பன்றி இறைச்சி தின்னாதே, சிகரெட் பிடிக்காதே என்று தம்பி ரெஜினால்ட் எழுதினார். பிறகு அமைப்பின் தலைவர் எலைஜா முகம்மதுவின் போதனை வந்தது. அவரும் சிறையில் இருந்துவிட்டு வந்தவர்தான். அந்தப் போதனையின் இறையியல் விசித்திரமானது. அதற்குள் நான் போகவில்லை. மால்கமுக்கு அது செய்துகொடுத்த வேலையைத்தான் பார்க்க வேண்டும். ஆறு வயதில் தந்தை இறந்தது, தாய் மனநல மருத்துவமனையில் அடைபட்டது, வக்கீலாக ஆசைப்பட்ட வகுப்பின் கெட்டிக்காரப் பையனிடம் ஓர் ஆசிரியர் தச்சு வேலையைப் பற்றி யோசி என்று சொன்னது, பிறகு தெரு, போதை, திருட்டு. அதுவரை இவை உதிரிகளாகக் கிடந்தன. கறுப்பு மனிதனை வெள்ளை அமெரிக்கா என்ன செய்கிறது என்ற ஒரே நூல் கிடைத்ததும் அத்தனையும் வரிசையாகக் கோத்துக்கொண்டன. அடிமைகளின் உண்மைப் பெயர் தொலைந்ததற்கு அடையாளமாக எக்ஸ். எண்ணால் பெயரை இழந்தவர், தொலைந்த பெயரையே பெயராக வைத்துக்கொண்டார்.

அறிவு ஏற்றதை உடம்பு ஏற்கவில்லை. தொழுகைக்காக முழங்கால் மடிக்க அவருக்கு ஒரு வாரம் பிடித்தது. ஒரு பூட்டை நெம்புவதற்கு மட்டுமே அதுவரை மண்டியிட்ட கால்கள் என்று அவரே பிறகு நினைத்துப் பார்த்தார்.

இங்கே கொஞ்சம் நின்று, நம் பொதுப்புத்திக்கு ஒவ்வாத ஓர் ஆய்வைச் சொல்ல வேண்டும். ஷாட் மரூனா என்ற அமெரிக்கர் 1990களில் லிவர்பூலில் முன்னாள் குற்றவாளிகளைச் சந்தித்து அவர்களின் வாழ்க்கைக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்டார். 2001இல் அது புத்தகமாக வந்தது. குற்றத்தை விட்டுவிட்டவர்கள், விடாதவர்கள் என இரண்டு தரப்பு. இரண்டு தரப்பின் பின்னணியும் ஏறக்குறைய ஒன்றே: வறுமை, உடைந்த குடும்பம், போதை. நாம் என்ன எதிர்பார்ப்போம்? விட்டவர்கள் ‘நான் கெட்டவனாக இருந்தேன், எல்லாம் என் தவறு’ என்று சொல்வார்கள். விடாதவர்கள் சாக்குச் சொல்வார்கள். அவர் கேட்டது கிட்டத்தட்ட இதற்கு நேர்மாறு. விடாதவர்கள்தான் தங்களைப் பற்றி இருண்ட, ஒருவகையில் நிதானமான கணிப்பை வைத்திருந்தார்கள்: என் தலையெழுத்து இதுதான், எனக்கு இனி வேறு வழியில்லை. விட்டவர்களோ, உள்ளுக்குள் நான் எப்போதும் நல்லவன்தான், சூழ்நிலை இழுத்துக்கொண்டு போனது, இனி நான் பட்டதையே வைத்து மற்றவர்களைக் காப்பாற்றுவேன் என்றார்கள். நடந்ததற்குப் பொறுப்பைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு, நடக்கப்போவதற்குப் பொறுப்பை அளவுக்கு மீறி ஏற்றுக்கொண்ட கதை.

சாக்குச் சொல்வதைக் குற்றவியல் நல்ல கண்ணால் பார்த்ததில்லை. முன்னே சொன்ன சைக்ஸ், டேவிட் மாட்சாவோடு சேர்ந்து 1957இல் எழுதிய கட்டுரை, இளம் குற்றவாளிகள் மனசாட்சியை மடக்கும் சாக்குகளை வகை பிரித்துக் காட்டியது: அவனுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை, அவனுக்கு இது வேண்டும்தான், நண்பனுக்காகச் செய்தேன். சாக்கு குற்றத்துக்குக் கதவு திறக்கிறது என்பது அதன் சாரம். அது உண்மைதான். ஆனால் அதே சாக்கு, குற்றத்திலிருந்து வெளியே வரும் கதவையும் திறக்கிறது என்பதை லிவர்பூல் காட்டியது. தமிழில் ‘சூழ்நிலைக் கைதி’ என்று ஒரு தொடர் இருக்கிறது. கட்சி மாறிய தலைவர் தன்னை அப்படிச் சொல்லிக்கொண்டால் தலையாட்டுகிறோம். உண்மையான கைதி சொன்னால் மட்டும் நமக்குச் சுருக்கென்று கோபம் வருகிறது.

கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை. கொலையுண்டவரின் தாய்க்கு, கொன்றவன் உள்ளுக்குள் நல்லவன் என்பதைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டிய கடமை எதுவும் கிடையாது. அவளுக்கு வேண்டிய உண்மையும், அவன் மீண்டும் கத்தி எடுக்காமல் இருக்கத் தேவைப்படும் கதையும் ஒன்றாக இருப்பதில்லை. இரண்டையும் ஒரே வாய் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும் என்று நீதிமன்றங்கள் எதிர்பார்க்கின்றன. இந்த முடிச்சுக்கு என்னிடம் அவிழ்ப்பு இல்லை.

கடந்த காலத்தை மாற்றி எழுதுவது எப்போதும் வெளுத்து எழுதுவதாகவும் இருப்பதில்லை. மானிங் மாரபிள் 2011இல் எழுதிய மால்கமின் வாழ்க்கை வரலாறு, ‘டெட்ராய்ட் ரெட்’டின் அட்டூழியங்களில் கணிசமான பகுதி மிகைப்படுத்தியது என்று வாதிடுகிறது. திருடினார், போதை விற்றார், உண்மை. ஆனால் சுயசரிதையில் வருகிற அளவுக்குப் பெரிய ரவுடி இல்லை. ஏன் ஒருவர் தன் குற்றத்தைக் கூட்டிச் சொல்ல வேண்டும்? கிணறு எவ்வளவு ஆழமோ, ஏறி வந்ததற்கு அவ்வளவு மதிப்பு. லிவர்பூல்காரர்கள் கழுவினார்கள், மால்கம் கரி பூசினார். இரண்டுமே இன்றைய தன்னை நிற்க வைப்பதற்காக நேற்றைய தன்னைத் திருத்தும் வேலை. பொய் என்று இதைத் தள்ள எனக்கு மனம் வரவில்லை. நம் வீட்டுப் பெரியவர்கள் தங்கள் வறுமைக் காலத்தைச் சொல்லும்போது பள்ளிக்கூடத்தின் தூரம் வருடத்துக்கு ஒரு மைல் கூடுவதில்லையா?

இதில் ஒரு சிக்கல் பிறகு வந்தது. 1964இல் எலைஜா முகம்மதுவை விட்டு விலகி, மெக்கா போய்வந்து, மால்கம் மறுபடி மாறினார். அப்போது சுயசரிதை பாதி எழுதியாகியிருந்தது. எலைஜாவைத் தந்தையாகப் போற்றிய அத்தியாயங்களை இப்போதைய கண்ணோடு திருத்தி எழுதிவிட வேண்டும் என்று முதலில் நினைத்தார். வேண்டாம், அன்று இருந்ததை அப்படியே விடுங்கள் என்று சுயசரிதையை அவரோடு சேர்ந்து எழுதிய அலெக்ஸ் ஹேலி வற்புறுத்தினார், அவரும் இசைந்தார். 1965 பிப்ரவரியில் சுட்டுக் கொல்லப்பட்டார். புத்தகம் அந்த ஆண்டு இறுதியில் வந்தது. அதில் தன்னைப் பற்றிய இரண்டு கதைகள் ஒன்றின் மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. சிறை மாற்றிய மனிதர் என்று மேற்கோள் காட்டப்படும் ஆளே, அந்த மாற்றத்தை முடிந்த ஒன்றாகக் கருதவில்லை.

கதை இருந்தால் போதாது, கேட்க ஆள் வேண்டும். சிறையில் அந்த ஆள் பெரும்பாலும் கையில் பேனாவோடு இருப்பவர். பென் க்ரூ, வெல்லிங்பரோ சிறையைப் பற்றி 2009இல் எழுதிய நூலில், இன்றைய ஆங்கிலேயச் சிறையில் லத்தியைவிட அறிக்கையே கைதியைக் கட்டிப்போடுகிறது என்று காட்டுகிறார். உளவியலாளரும் அதிகாரிகளும் எழுதும் ஒவ்வொரு வரியும் விடுதலைத் தேதியை முன்னே பின்னே தள்ளும். ஆகவே திருந்தியவன் எப்படிப் பேசுவான் என்பதைக் கைதி கற்றுக்கொள்கிறார். பரோல் குழுவின் முன் சொல்லும் வருத்தம் நடிப்பா, நிஜமா? சொல்பவருக்கே சில நேரம் தெரியாது. சிறை தான் சொல்லிக்கொடுத்த சொற்களில் மாற்றம் வந்தால்தான் அதை மாற்றமாக ஏற்கிறது. மால்கமின் மாற்றத்தை மாசசூசெட்ஸ் சிறை நிர்வாகம் தொல்லையாகத்தான் பார்த்தது. மதத்தின் பெயரில் தடுப்பூசி மறுத்தார்; 1950இல் மறுபடி சார்ல்ஸ்டவுனுக்கே அனுப்பினார்கள். குடி, போதை, சிகரெட் எல்லாவற்றையும் விட்டுவிட்ட கைதியின் பெயரில் அதே காலத்தில் எஃப்.பி.ஐ. கோப்பு ஒன்றும் திறந்தது.

இந்தியச் சிறையைப் பற்றி யோசிக்கும்போது இந்த ஆய்வுகள் எல்லாம் ஓர் இடத்தில் தட்டி நிற்கின்றன. 2022 முடிவில் நம் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேருக்குத் தீர்ப்பே வரவில்லை. தன்னைத் திரும்பிப் பார்க்க ஒருவருக்கு நடந்தது இன்னது என்று காலூன்ற ஓர் இடம் வேண்டும். விசாரணைக் கைதிக்கு அது கிடையாது. செய்யாதவர் தன்னைக் குற்றவாளியாக எண்ணிப் பார்க்கத் தேவையில்லை, ஆனால் வருடக்கணக்கில் குற்றவாளியாக வாழ்கிறார். செய்தவரோ, மனதுக்குள் ஒப்புக்கொண்டாலும் வெளியே சொல்ல முடியாது; கடிதத்தில் எழுதினால், பக்கத்துப் படுக்கைக்காரரிடம் உளறினால், அது வழக்குக்குப் போய்ச் சேரலாம். வக்கீல் சொல்லிக்கொடுத்த ‘எனக்கு எதுவும் தெரியாது’ என்பதை ஒவ்வொரு வாய்தாவுக்கும் திரும்பச் சொல்ல வேண்டும். சொல்லிச் சொல்லி அதுவே அவர் கதையாகிவிடுகிறது. 1994இல் திகார் சிறையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கைதிகள் ஒரே நேரத்தில் பத்து நாள் மௌன விபாசனா தியானத்தில் உட்கார்ந்தார்கள். அதன் பலனைப் பற்றி ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு அதில் கவனத்துக்குரியது அந்த மௌனம். யாருக்கும் எந்தக் கதையும் சொல்ல வேண்டியதில்லாத பத்து நாள், சிறையில் வேறெங்கே கிடைக்கும்?

தன்னை மாற்றி யோசிக்க மறுப்பதும் ஒரு வழி. 1908இல் ராஜத்துரோக வழக்கில் வ.உ. சிதம்பரம் பிள்ளைக்கு இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார் நீதிபதி பின்ஹே. மேல்முறையீட்டில் அது குறைந்தது. கோவைச் சிறையில் மாடு இழுக்க வேண்டிய செக்கை இழுத்தார். பிறகு கண்ணூர். வக்கீலைக் கழித்து மாடாக்கிப் பார்த்தது சிறை. அவர் அந்த ஆண்டுகளில் ஜேம்ஸ் ஆலனை ‘மனம்போல வாழ்வு’ என்று தமிழாக்கினார். குறளின் வழியில் ‘மெய்யறம்’ எழுதினார். பின்னாளில் தன் கதையைச் செய்யுளாகவே எழுதினார். அரசு குற்றம் என்று சொன்னதை அவர் ஒருநாளும் குற்றமாக எண்ணிப் பார்க்கவில்லை. ஊரும் எண்ணவில்லை, தண்டனையையே பட்டமாக்கிச் ‘செக்கிழுத்த செம்மல்’ என்றது. சாதாரணத் திருட்டுக் கைதிக்கு எந்த ஊரும் இப்படிப் பட்டம் கட்டாது. அவர் கதையை அவர் ஒருவரே சுமக்க வேண்டும்.

ஆனால் வ.உ.சி.க்கும் பட்டம் வந்ததெல்லாம் பிறகுதான். 1912 டிசம்பரில் கண்ணூர்ச் சிறைக் கதவு திறந்தபோது வாசலில் கூட்டம் இல்லை. அவர் தொடங்கிய கப்பல் கம்பெனி போயிருந்தது. வக்கீல் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் கடை வைத்துப் பார்த்தார், நிற்கவில்லை. உள்ளே அசையாமல் காத்த தன்னை வெளியே வைக்க இடமில்லாமல் பல ஆண்டுகள் போயின. கடைசியில் வாலஸ் என்ற ஓர் ஆங்கிலேய நீதிபதி முயன்று சன்னதைத் திரும்ப வாங்கிக்கொடுத்தார். மறுபடி கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு கோவில்பட்டியில் வக்கீல் தொழில் செய்தார். தன் மகன் ஒருவனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார்.